மட்டையில் விட்ட முழம்

அண்ணாமலையின் கிழக்கே கோபுரங்கள் ஒன்பதும் இளவெயிலை முதலில் ஏந்திப் பொன் பூசியவைபோல் நிற்க, கடைத்தெருவில் பலகைக் கதவுகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, பூக்காரியர் கூடை இறக்கி, வண்டிமாடுகள் மணியசைத்து, நகரம் முழுதும் விழித்துக்கொண்ட பின்னும், மலையின் மேற்கே கிடக்கும் அடி அண்ணாமலை என்னும் சிற்றூருக்குப் பொழுது விடிவதில்லை. அங்கே கிழக்கை மலையே மறைத்து நிற்கிறது. நான்கு நாழிகை வரையிலும் அதன் நிழல், கேழ்வரகுக் கொல்லைகளின்மேலும் கல் கட்டிய கிணறுகளின்மேலும் வலம்வரும் வழியின் புழுதியின்மேலும் நனைந்த கம்பளிபோல் கனத்துக் கிடக்கும். பின்னர் உச்சிப்பாறையின் விளிம்பைக் கதிரவன் ஒரே தாவில் கடக்கையில், ஊரில் வேறெதற்கும் முன்னே ஒளி பெறுவன தென்னைகளே. அடியில் இரவும் முடியில் பகலுமாய், இருவேறு உலகங்களை ஓருடலில் தாங்கி அவை சற்று நேரம் நிற்கும். இக்கதையின் பெரும்பகுதி அந்நேரத்தில்தான் நிகழ்ந்தது.

படிப்பவரே, தென்னை தானே வளர்ந்து தானே காய்க்கும் என்று நகரத்தார் எண்ணுவர். அவ்வாறன்று. அடியைச் சுற்றி வட்டப் பாத்தி வெட்டி, உரிமட்டைகளைக் குழிவுப்புறம் மேலாக அடுக்கிப் புதைத்து, கோடையில் மாடு பூட்டிக் கவலை இறைத்து வேருக்கு நீர்காட்டி, மழைக்கு முன் சாம்பலும் உப்பும் இட்டு, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஆளேற்றிக் கொண்டையைத் துப்புரவு செய்து, குருத்தின் இடுக்குகளில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து தூவி, நோயுற்ற குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் நாள்தோறும் அண்ணாந்து பார்த்தாலன்றி அது நில்லாது. இவை அனைத்திலும் தலையாயது ஒன்றுண்டு. பச்சை மட்டையை வெட்டலாகாது. வெட்டியே தீரவேண்டுமாயின், தண்டை ஒட்டி வெட்டாமல் ஒரு முழ அளவு மட்டையை மரத்திலேயே விட்டு வெட்டி, வெட்டுவாயில் கீல் என்னும் தாரைப் பூசவேண்டும். ஏனெனில் தென்னையின் பச்சைப் புண்ணிலிருந்து எழும் மணம், செந்நிறக் கூன்வண்டுக்குக் காற்றுவழி விடுத்த அழைப்பாகும். அது பறந்து வந்து புண்ணில் முட்டையிடும். முழ அளவு மட்டை இருந்தால் புழு அதனுள்ளேயே வற்றிச் சாகும். இல்லையேல் தண்டுக்குள் இறங்கும். இறங்கியபின் நெடுநாள் வெளியே ஒன்றும் தெரியாது.

இதனை யசோதரன் இருமுறை கற்றவன். முதலில் தந்தையின் கையைப் பார்த்துக் கற்றான். பிறகு சென்னையில் தாவரவியல் பயின்ற கல்லூரியில் ஏட்டைப் பார்த்துக் கற்றான். அவ்வட்டாரத்தில் பன்னூறு ஆண்டுகளாய் உழுதுண்டு வாழும் சமணக் குடியில் தோன்றியவன். ஊரார் அவனை 'நயினார்' என்றே அழைப்பர். தந்தை இறந்தபின் நகரத்து வேலை எதையும் நாடாமல், நாற்பது தென்னையும் ஒரு வரிசைக் கமுகும் நின்ற தோட்டத்திற்குத் திரும்பி வந்து, குசுமாவதியை மணந்தான். மணந்த ஆண்டின் ஆடியில், வீட்டுக் கிணற்றுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே, அவள் தன் கையால் ஒரு தென்னங்கன்று நட்டாள். அது நாற்பத்தொன்றாவது மரம். தென்னங்கன்றைப் பிள்ளை என்று சொல்வது அந்நாட்டு வழக்கு. அவர்களுக்கு மகப்பேறு இல்லாமையால், அச்சொல்லை இருவரும் விளையாட்டாகவும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

குசுமாவதி புழுவையும் உயிரென்று எண்ணி நடந்தவள். மரமேறும் கபாலி குருத்தின் இடுக்கிலிருந்து, குருத்தைத் துளைத்துத் தின்னும் கொம்பு வண்டுகளைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுப்பதைக் கண்ட நாளன்று அவள் உண்ணவில்லை. மறுமுறை கபாலி ஏறுகையில் வாய் குறுகிய கலயம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தாள். அன்றுமுதல் வண்டுகள் குத்தப்படாமல் கையால் பிடிக்கப்பட்டுக் கலயத்தில் இறங்கின. கலயத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு அரை மைல் தொலைவு நடந்து, மலையடிப் புதர்க்காட்டில், மரமென்று ஒன்றும் இல்லாத பாறைச்சரிவில் அவள் அவற்றை விட்டுவருவாள்.

"அம்மா, இதுங்க மாமியார் வூட்டுக்குப் போற மாப்ள மாதிரி சொகமாப் போவுதுங்க. நாளைக்கே திரும்பி வந்துடும் பாருங்க," என்பான் கபாலி.

"வந்தா திரும்பப் புடி. மறுபடி கொண்டுபோய் விடறேன். எனக்குக் கால் வலிச்சா உனக்கென்ன?" என்பாள் அவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டின் ஐப்பசியில், விடாது பெய்த மழையினிடையே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் சற்றே தெளிந்திருந்தபோது, வீட்டுப்பலகணி வழியாய்த் தன் மரத்தைப் பார்த்தவாறே, "ஏங்க, நம்ம தோட்டத்துல ஒண்ணையும் கொல்லக் கூடாது," என்றாள். "சரி," என்றான் யசோதரன். ஒன்பதாம் நாள் விடிவதற்கு முன் அவள் இறந்தாள்.

அன்று மலை முகிலுக்குள் மறைந்திருந்தது. பாடை கட்ட வந்த முருகையன் பச்சை மூங்கிலைப் பிளந்து வைத்துவிட்டு, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, யசோதரன் முன்னே வந்து நின்றான். "மூணு மட்டை வேணுங்க. பச்சையா, அடியோட. நீளம் கொறஞ்சா பின்னல் நிக்காது," என்றான். ஏறுவதற்குக் கபாலி ஊரில் இல்லை. போளூரில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றிருந்தான். நெடுமரங்களில் ஏற வேறெவரும் துணியவில்லை. வீட்டருகே ஏணிக்கு எட்டுவது கிணற்றடியில் நின்ற எட்டாண்டு மரமொன்றே. யசோதரன் எழுந்தான், ஏணியைச் சார்த்தினான், அருவாளை எடுத்தான், ஏறினான். தந்தையின் கை கற்பித்ததும் கல்லூரி ஏடு கற்பித்ததும் அவனிடம் இருந்தன. ஆயினும் கைக்கும் அறிவுக்கும் இடையே இருந்த வழி அன்று அடைபட்டுக் கிடந்தது. அடியோடு வேண்டுமென்றார்கள், அடியோடு வெட்டினான். மூன்று மட்டைகள் மழைநீர் சிதற நிலத்தில் வீழ்ந்தன. வெட்டுவாய்கள் மூன்றும் தேங்காயின் உள்வெண்மைபோல் ஒளிர்ந்ததை அவன் பார்த்தான். பார்த்து இறங்கினான். அவ்வளவே.

கபாலி திரும்பி வந்து துயரம் கேட்டுச் சென்றான். இருபது நாள் கழித்து, கார்த்திகை விளக்கு மலைமேல் எரிந்து ஓய்ந்தபின், காய் இறக்கும் முறை வந்தது. காலை நிழல் இன்னும் விலகாத பொழுதில் ஒவ்வொரு மரமாய் ஏறி இறங்கிய கபாலி, கடைசியாய்க் கிணற்றடி மரத்தில் ஏணி சார்த்தியவன், மேலிருந்தே கூவத் தொடங்கினான்.

"அடப்பாவி! யாருடா அந்த மவராசன்? மட்டைய வெட்டச் சொன்னா சவரம் பண்ணிட்டுப் போயிருக்கான்! ஒரு முழம் வுட்டு வெட்டணும்னு தெரியாதா? இவனுக்கெல்லாம் அருவா குடுத்தவன ஒதைக்கணும். நயினாரே, எவன் வந்தான் இங்க?"

"நான்தான்," என்றான் யசோதரன்.

"எதுக்குங்க?"

கபாலி வெட்டுவாய்களை எண்ணினான். மூன்று. மூன்று பச்சை மட்டைகளை அடியோடு வெட்டுவது அவ்வூரில் எதற்கென்று மரமேறுபவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏணியில் நின்றபடியே அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டான். இறங்கியபின், "நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேனே," என்று மட்டும் சொல்லி, கீல் காய்ச்சச் சென்றான். அன்றே மூன்று புண்ணிலும் கீல் பூசப்பட்டது. ஆயினும் பூட்டிய கதவுக்குள்ளே கள்வன் முன்னமே புகுந்திருந்தால் பூட்டு என்ன செய்யும்?

தையும் மாசியும் சென்றன. பங்குனியில் மரம் பச்சையாகவே நின்றது. சித்திரையின் நடுவில், தண்டின்மேல் குண்டூசி முனையளவு துளைகள் இரண்டு தோன்றி, அவற்றிலிருந்து கருஞ்செந்நிறச் சாறு வழிந்து உறைந்தது. மென்று துப்பிய நார்த்துகள் அடியில் கிடந்தது. யசோதரன் அதை விரலிடை எடுத்துப் பார்த்தான். முகர்ந்தான், புளித்த நாற்றம். பிறகு, காதைத் தண்டில் வைத்தான்.

உள்ளே ஒலி இருந்தது. ஈரத்துணியை யாரோ மெல்லக் கிழித்துக்கொண்டே இருப்பதுபோல, நூறு வாய்கள் ஓயாது மென்றுகொண்டே இருக்கும் ஒலி. அவன் மனைவி இறந்த நாளிலிருந்து அவ்வீட்டில் கதவின் ஒலியும் கிணற்று உருளையின் ஒலியுமன்றி வேறொலி இருந்ததில்லை. சமைத்த கலங்களும் ஒலிக்கவில்லை. அவன் ஒரு வேளையே உண்டான். இப்போது அவள் நட்ட மரத்திற்குள் ஏதோ உயிரோடு இருந்தது. அது அவள் மரத்தைத் தின்கிறது என்பதை அவன் அறிவான். அறிந்தும் மறுநாள் விடியலில் மலைநிழலுக்குள் வந்து நின்று மீண்டும் காதை வைத்தான். அடுத்த நாளும் வைத்தான். இறந்தவளின் மரம் சாகும் ஒலியே அவன் நாளின் தொடக்கமாயிற்று. துயரத்திலும் கொடியது, துயரம் உறைந்த நிலை. அங்கே மனிதன் அழுவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனியில் ஒருநாள் கபாலி அவனை அந்நிலையில் கண்டான். தானும் காதை வைத்துப் பார்த்துப் பின்வாங்கினான்.

"மாவு மிஷின் ஓடுது உள்ள! நயினாரே, இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ரெண்டு மாசமா."

"தெரிஞ்சுக்கினா கேட்டுக்கினு நிக்கறீங்க? இது இன்னா பாட்டுக் கச்சேரியா? படிச்சவங்க நீங்க. மேல சாய்வா தொளை போட்டு மருந்து ஊத்தி, களிமண்ணால அடைச்சா இப்பக்கூட பொழைக்கும். பொழைக்கலன்னாலும் உள்ள இருக்கறது சாவும். வுட்டா ஜாஸ்தியாயி றெக்க மொளைச்சு வெளிய வரும். அப்புறம் நாப்பதும் போவும்."

"ஒண்ணையும் கொல்ல வேணாம்னா. நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

கபாலி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மா இந்த மரத்தப் புழு தின்னவா நட்டாங்க?" என்று கேட்டான். பிறகு கயிற்றையும் அருவாளையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லிட்டேன். நாளைக்குக் கபாலி சொல்லலன்னு சொல்லாதீங்க," என்று நடந்தான்.

யசோதரன் கொடுத்த சொல்லைக் காத்துக்கொண்டிருப்பதாகவே எண்ணினான். கொல்லாமை அவன் குடியின் முதல் நெறி. அவன் மனைவியின் கடைசி விருப்பம். இரண்டையும் ஒருங்கே காப்பவனுக்குக் குற்றம் எங்கிருந்து வரும்? நூறு புழுக்களுக்கு ஒரு மரத்தை உணவாகக் கொடுத்தவன் என்று தன்னைப் பற்றி அவன் நினைத்திருக்கவும் கூடும். உண்மை அதுவன்று. அவன் எதையும் கொடுக்கவில்லை. எதையும் செய்யாமல் இருந்தான். செய்யாமையும் கொல்லாமையும் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோல் தோன்றும். அருகிலிருந்து பார்க்கவேண்டிய அவனோ கண்ணை மூடிக் காதை மட்டும் வைத்திருந்தான்.

தோட்டத்தின் தென்வேலிக்கு அப்பால் நீலாம்பாளின் கொல்லை. நாற்பத்தைந்து வயதினள், ஆறு தென்னை உடையவள். முழுநிலா நாள்தோறும் மலையை வலம்வருவோர் அடி அண்ணாமலையார் கோயிலில் உடைக்கும் தேங்காய்களுள் அவள் மரத்துக் காய்கள் பல. அவள் கணவன் சம்பந்தமூர்த்தி, நல்ல நாளில் கூத்துக் குழுக்களின் பின்னே ஊர் ஊராய்த் திரிந்து, ஆண்டில் பத்து நாள் வீட்டில் தங்கினால் பெரிது என்னும்படி வாழ்ந்தவன். இப்போது கைகால் விழுந்து ஈராண்டாய்க் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். ஆறு மரங்களே அவளுக்குச் சோறும் அவனுக்குக் கஞ்சியும்.

ஆடியின் இரண்டாம் வாரத்தில், மலைக்காற்று புழுதி வாரி வீசிய காலையொன்றில், அவள் கொட்டாங்கச்சி ஒன்றை உள்ளங்கையால் மூடிப் பிடித்தபடி வேலியைக் கடந்து வந்தாள். யசோதரன் வழக்கம்போல் கிணற்றடி மரத்தருகே நின்றிருந்தான். குருத்து அப்போது மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது.

"நயினாரே, உங்க வூட்டு விருந்தாளி வழி தெரியாம எங்க வூட்டுக்கு வந்துட்டாரு. கொண்டாந்து வுட்டுட்டுப் போலாம்னு வந்தேன்," என்று கையை எடுத்தாள். கொட்டாங்கச்சிக்குள் வளைந்த மூக்கும் துரு நிறமுமாய்ச் செங்கூன்வண்டு ஒன்று ஊர்ந்தது.

அவள் தன் கொல்லைப் பக்கம் கைகாட்டினாள்.

"என் நாலாவது மரத்துல சாறு வழியுது. போன மாசம் ஆடு முட்டித் தோல் பேந்துச்சு, அந்த எடத்துலயே. கபாலி வந்து பாத்துட்டு, இங்க இருந்துதான் கெளம்புதுன்னான். மொத்தமே ஆறு மரங்க எனக்கு."

"அக்கா," என்று தொடங்கினான். "அவகிட்ட ஒரு சொல்லு குடுத்தேன். கொல்லக் கூடாதுன்னு."

வண்டு கொட்டாங்கச்சியின் விளிம்பேறி வீழ்ந்து மீண்டும் ஏறியது. நீலாம்பாள் அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"குசுமா நல்லவ. எனக்குத் தெரியாதா? இந்த வேலிய ஒட்டித்தான் கலயத்த இடுப்புல வச்சுக்கினு போவா. ஒரு நாள் நான்தான் கேட்டேன், ஏண்டி இவ்ளோ தூரம் நடக்கற, இப்பிடி வேலிக்கு அந்தாண்ட வீசிட்டுப் போயேன்னு. அதுக்கு என்னா சொன்னா தெரியுமா? அந்தாண்ட உங்க மரம் இருக்குதேக்கான்னா." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே நிமிர்ந்தாள். "அவ வண்ட வுட்டா, நடந்து போயி மலையோரம் வுட்டா. என் கொல்லையில வுடல. நீங்க வுட்டுட்டீங்க."

கொட்டாங்கச்சியைக் கிணற்றுக்கல்லில் வைத்துவிட்டு அவள் திரும்பிச் சென்றாள்.

யசோதரன் அங்கேயே நின்றான். கதிரவன் உச்சிப்பாறையைக் கடந்து, மரங்களின் முடியில் ஒளி ஏறி, தண்டுவழியே மெல்ல இறங்கி, அவன் தோளைத் தொட்டது. குசுமாவதியின் இரக்கம் அரை மைல் தொலைவு நடந்தது. கால் வலிக்க வலிக்க, ஒவ்வொரு முறையும் நடந்தது. அவன் இரக்கம் ஓரிடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதை அன்று அறிந்தான். கொட்டாங்கச்சியிலிருந்த வண்டை எடுத்து, கல்லின்மேல் வைத்து, காலால் மிதித்தான். அவன் வாழ்நாளில் அறிந்து செய்த முதற்கொலை அது.

பிறகு கோடரியை எடுத்தான். வெட்டொலி கேட்டுக் கபாலி வந்து சேர்வதற்குள் அடியில் பாதி ஆழம் வெட்டியிருந்தான். "குடுங்க, நான் வெட்டறேன்," என்ற கபாலியிடம், "கயித்தப் புடி போதும். சொல்லு நான் குடுத்தது," என்றான். கபாலி கயிற்றை மரத்தின் கழுத்தில் கட்டி இழுத்துப் பிடித்தான். எட்டாண்டு வளர்ந்த மரம் எழுபது வெட்டுக்குள் சாய்ந்து, கிணற்று மேடையில் கொண்டை மோதி, இற்றுப்போன பானைபோல் உடைந்தது. உள்ளே தண்டு இல்லை. தண்டிருந்த இடத்தில் கூழும் நாரும் இருந்தன. நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கூடுகள் பேரீச்சங்காய்கள்போல் அடைந்து கிடந்தன. அவற்றினிடையே கட்டைவிரல் பருமனான வெளிறிய புழுக்கள், தலைமட்டும் பழுப்பாய், வெயில் பட்டதும் நெளிந்தன. மேலிருந்து கீழாக மூன்று வழிகள் இறங்கியிருந்தன. அவை தொடங்கிய இடங்களில் கீல் பூசிய மூன்று தழும்புகள் இருந்தன.

உலர்ந்த ஓலைகளை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, யசோதரன் தானே தீ வைத்தான். வெடித்துச் சிதறிய கூடுகளை மண்வெட்டியால் மீண்டும் மீண்டும் நெருப்புக்குள் தள்ளினான். எரியும் மணம் சுடுகாட்டு மணத்தினின்று வேறாக இல்லை. அப்போதுதான் அவன் அழுதான். ஒன்பது திங்கள் பிந்தி வந்த அழுகை அது. ஒலியின்றி, முகம் அசையாமல், மூக்கின் நுனியிலிருந்து மண்வெட்டிப் பிடியின்மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. கபாலி பாராதவன்போல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

நெருப்புத் தணிந்தபின் வேலியைக் கடந்து சென்று, நீலாம்பாளின் நாலாம் மரத்தில் தானே துளையிட்டு மருந்து ஊற்றிக் களிமண் அடைத்தான். பத்து நாளைக்கு ஒருமுறை மும்முறை ஊற்றினான். அம்மரம் பிழைக்கவில்லை, புரட்டாசியில் அதையும் வெட்டி எரித்தார்கள். எஞ்சிய ஐந்தும் நின்றன. அவன் தோட்டத்தில் மேலும் இரண்டு சென்றன; முப்பத்தெட்டு நின்றன. அவன் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மரத்திலும் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் கேளாமையே இப்போது அவன் கேட்க விரும்பியது. அது இன்பமன்று, வேலை.

கொம்பு வண்டுகளுக்கான கலயம் மட்டும் முன்போலவே கயிற்றில் ஏறி இறங்கியது. அதை ஏந்திக்கொண்டு அவன் மலையடிக்கு நடந்தான். காக்கக்கூடிய அளவுக்குச் சொல்லைக் காத்தான்; காக்க இயலாத இடத்தில் அதை முறித்தவன் தானே என்று அறிந்திருந்தான்.

மறு கார்த்திகையில், மலைமேல் விளக்கேற்றக் கொப்பரை ஏறிக்கொண்டிருந்த வாரம், சம்பந்தமூர்த்தி இறந்தான். விடியலில் நீலாம்பாளே வேலியருகே வந்து நின்றாள். பின்னே முருகையன் பச்சை மூங்கிலுடன் நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"என் மரம் அஞ்சும் இப்பத்தான் தேறுது. அதுல வெட்டறதுக்கு மனசு வரல," என்றாள் நீலாம்பாள். மேலே கேட்கக் கூசி நிறுத்தினாள். அவள் கேளாமல் விட்டது அவனுக்கு விளங்கிற்று.

"எத்தனை?" என்றான் யசோதரன்.

"மூணு," என்றான் முருகையன். "அடியோட."

யசோதரன் ஏணியைச் சார்த்தினான். கீல் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். வடவேலியோரத்து இளமரத்தில் ஏறி, தண்டிலிருந்து தன் முழங்கையை மட்டையின்மேல் கிடத்தி, நடுவிரல் முனை தொட்ட இடத்தில் அருவாளால் கோடிட்டு, அங்கே வெட்டினான். வெட்டுவாயில் கீலைத் தடவினான். மூன்று மட்டைக்கும் மூன்று முறை அளந்தான். கீழே நின்ற முருகையன் விழுந்த மட்டைகளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான்.

"இன்னாங்க இது? முழம் கம்மியா இருக்குது. பின்னல் நெஞ்சுக்கு வந்தா கால் வெளிய நிக்குமே."

"இவ்ளோதான்," என்றான் யசோதரன் மேலிருந்து.

நீலாம்பாள் ஏணியையும், மரத்தில் நீட்டி நின்ற மூன்று கட்டைகளையும், அவற்றிலிருந்து சொட்டிய கரிய கீலையும் பார்த்தாள்.

"நிக்கட்டும் வுடு, முருகையா. அந்த மனுசன் கால் என்னைக்கு வூட்டுக்குள்ள இருந்துச்சு?" என்றாள். சொன்னவுடன் சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவிலேயே அது உடைந்து அழுகையாயிற்று. முருகையன் மட்டைகளைத் தோளிலேற்றிக்கொண்டு முன்னே நடந்தான்.

அன்பினரை இழந்தவன் அவரோடு தன்னையும் அடியோடு வெட்டிக் கொடுத்துவிட எண்ணுகிறான். அன்பின் அளவு அதுவே என்று அவனுக்குத் தோன்றுகிறது. முழுநீளமும் கேட்பது சாவின் வழக்கம். கேட்டதை எல்லாம் கொடுத்தவனின் புண்ணில் புகுவது அவனோடு நில்லாது, வேலி கடந்து அயலாரின் கொல்லைக்கும் போகும். ஒரு முழம் குறைந்தமையால் சம்பந்தமூர்த்தியின் பாடை வழியில் அவிழ்ந்துவிடவில்லை. கால் இரண்டும் வெளியே நீட்டி, மழையில் நனைந்து, அவன் சுடுகாடு சேர்ந்தான்.

வடவேலி மரத்தில் விட்ட முழங்கள் மூன்றும் பனியில் கறுத்து, வெயிலில் வற்றி, மாசியில் தாமே கழன்று விழுந்தன. யசோதரன் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பெரித்தான்.